படி அம்பயர்

ஹேமநாதன் விரலைத் தூக்குவதற்குள் ஒரு டீயை வாங்கி, ஆற்றிக் குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டே வந்துவிடலாம் என்று திருத்தணிப் பக்கத்து டென்னிஸ் பந்து ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. பந்து வீசியவன் கத்துவான். கீப்பர் குதிப்பான். ஸ்லிப்பில் நிற்பவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதி தூரம் ஓடி வந்துவிடுவான். அவர் மட்டும் அசையாமல் நிற்பார். தொப்பிக்குக் கீழே கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய் வரும். பிறகு வலது கை இடுப்பிலிருந்து கிளம்பும். அது தோளைத் தாண்டுவதற்குள் பேட்ஸ்மேனுக்கு வியர்த்துவிடும்.

அம்மையார்குப்பத்துக்காரர். வயது ஐம்பத்தொன்று. வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நான்கு விசைத்தறி. பதினெட்டு வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் நின்றவர். ஊர் அணிக்குக் கீப்பராக இருந்தார். முட்டி போனதும் அம்பயர் ஆனார். எந்த அணியோடும் ஒட்டாதவர், மைதானத்தில் ஆட்டக்காரன் நீட்டுகிற தண்ணீரைக்கூட வாங்காதவர் என்று பெயர் இருந்ததால் சோளிங்கரிலிருந்து நகரி வரை எந்த அணி வந்தாலும், "ஹேமநாதன் நிக்கிறாரா, அப்ப சரி" என்பார்கள். பன்னிரண்டு வருடம் அப்படியே போயிற்று.

காது மந்தமாகிக்கொண்டு வருவது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற ஊரில் அதை அளந்து பார்க்க வழியும் இல்லை. அங்கே எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள். கொட்டகைக்குள் உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேச்சு நடக்கும். மைதானத்தில் கூட்டாகக் கத்தினால் அவருக்குக் கேட்கும். ஒலிபெருக்கியில் ஒருவன் பேசினால் பேச்சு கேட்கும், சொல் கேட்காது. பந்து பேட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போகிற மெல்லிய சத்தம் எந்த வருடத்தில் நின்றது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. நின்றதே அவருக்குத் தெரியாது. டென்னிஸ் பந்து அப்படித்தான், சத்தமே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாகக் கண்ணைப் பழக்கிவிட்டார். பந்து பட்டவன் பார்வை கீழே போகும், படாதவன் அம்பயரைப் பார்ப்பான். கீப்பர் பந்தைப் பிடித்த கையோடு குதித்தால் உண்மை. ஒரு கணம் யோசித்துவிட்டுக் குதித்தால் சும்மா. இதையெல்லாம் பார்த்து முடிக்க நேரம் வேண்டாமா?

போன வருடம் வேணு வந்து சேர்ந்தார். திருத்தணியில் மைக்செட் வாடகைக்கு விடுபவர். நந்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்டிகளை அவர்தான் நடத்தினார். அவற்றை யூடியூபில் நேரலையாகக் காட்டத் தொடங்கியதும் அவர்தான். இரண்டு கேமரா, ஸ்டம்புக்குப் பின்னால் மண்ணில் பதித்த ஒரு குட்டி மைக், ஷாமியானாவுக்குக் கீழே ஒரு மேசை. மேசையில் இஸ்ரேலை உட்காரவைத்தார்.

இஸ்ரேலுக்கு இருபத்தொன்பது வயது. சித்தூர் சாலையில் ஒரு டயர் கடையில் பில் போடுகிற வேலை. ஞாயிறு காலை ஆராதனையில் வேதபாடம் வாசித்துவிட்டு அதே வெள்ளைச் சட்டையோடு மைதானத்துக்கு வந்துவிடுவான். கணீரென்ற குரல். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். முதல் இரண்டு வாரம் ஒழுங்காக ரன் கணக்கு சொன்னான். நாற்பது பேர் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் நகரி அணிக்காரன் ஒருவன் கைக்கு வந்த கேட்சை விட்டான். "பாவா கேட்ச் பட்டலேது, காலி பட்டாடு" என்றான் இஸ்ரேல். தெலுங்கில் பாவா என்றால் மச்சான், காலி என்றால் காற்று. பாவா காற்றைப் பிடித்துவிட்டார் என்று நகரிக்காரர்கள் சிரித்தார்கள். ஆட்டமே காலி என்று புரிந்துகொண்டு தமிழ்க்காரர்களும் சிரித்தார்கள். அன்று அறுநூறு பேர் பார்த்தார்கள்.

ஆனால் அவனுக்கு நிரந்தரமாகக் கிடைத்த சரக்கு ஹேமநாதனின் விரல்தான். "அப்பீல் வந்தாச்சு. விரல் அடிவாரத்துல செருப்ப விட்டுட்டு ஏற ஆரம்பிச்சாச்சு. அம்பதாவது படி. நூறாவது படி. மண்டபத்துல ஒக்காந்து மோர் குடிச்சிகினு கீது. முன்னூத்தி அறுபத்தஞ்சு படிபா, அவசரப்படக் கூடாது. இதோ, கோபுரம் தெரியுது... அவுட்டு!" மலைக்கோயில் படிகளைத் தினமும் பார்க்கிற ஊரில் இது எடுபடாமல் போகுமா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினார்கள். அது அரக்கோணம் போயிற்று, ராணிப்பேட்டை போயிற்று, குவைத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் போயிற்று. படி அம்பயர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் யாராவது அப்பீல் கேட்டால் போதும், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த கூட்டமே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கியது.

ஹேமநாதனுக்கு ஒலிபெருக்கி இரைவது கேட்டது. கூட்டம் சிரிப்பது தெரிந்தது. பேட்ஸ்மேனை ஓட்டுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு நேரம் எடுத்துக்கொண்டார்.

விஷயம் வெளிப்பட்டது திருத்தணி பஸ் நிலையத்தில். நூல் வாங்க வந்தவரைக் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் மறித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தி, "படி அம்பயர் சார்தானே?" என்றாள். அவருக்கு உதடு புரிந்தது, பொருள் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி விஜியிடம் கேட்டார். விஜி முன்கூடத்தில் இயந்திரத்தில் தறிக்கான ஊடைநூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"படின்னா இன்னா? அரிசி அளக்குற படியா?"

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். "கிண்டலா? ஆறு மாசமா ஊரே சிரிக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நான் ஞாயித்துக்கெழம பூரா அத்த கேட்டுகினுதான் தார் சுத்துறேன். மேட்ச் எனக்கு இன்னா தெரியும்? உங்கள அவன் பேசுறதுக்குத்தான் பாக்குறது." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "நிஜமாவே கேக்கலையா?"

அவர் அவளுடைய போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். இரைச்சல்தான் வந்தது. விஜி தன்னுடைய இயர்போனை அவர் காதில் சொருகி, சத்தத்தைக் கடைசி வரை ஏற்றிவிட்டாள். குரல் நேராக உள்ளே வந்து இறங்கியது. அப்படி ஒரு சொல்லும் நழுவாமல் யாருடைய பேச்சையாவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ! படி ஏறுகிற கதையைக் கேட்டார். மோர் குடிக்கிற இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. விஜிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இயந்திரத்தைத் திரும்பப் போட்டாள்.

அன்று தறியை விட்டுவிட்டு ஒவ்வொரு ஆட்டமாகக் கேட்டார். திருவாலங்காடும் கனகம்மாசத்திரமும் மோதிய ஆட்டத்தில் நான்காவது ஓவர் வந்தது. பந்து வீசியவன் எலியேசர், திருவாலங்காட்டு அணியின் கேப்டன். ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். பேட்டில் சக்திவேல். கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் பழக்கடை வைத்திருப்பவன். திருப்பதி போகிற பயணிகளிடம் விலை சொல்லிச் சொல்லிப் பழகிய முகம். அதில் எதையும் படிக்க முடியாது. பந்து அவனைத் தாண்டிக் கீப்பரிடம் போயிற்று. எல்லோரும் கத்தினார்கள். சக்திவேல் அம்பயரை நேராகப் பார்த்தான். ஹேமநாதன் எல்லா முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நாட் அவுட்.

இயர்போனில் அந்தப் பந்துக்கு நடுவில் டிக் என்று ஒரு சத்தம் இருந்தது.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். டிக். அதற்குப் பிறகு இஸ்ரேலின் குரல்: "பந்துக்குத் தெரியும், பேட்டுக்குத் தெரியும், கீப்பருக்குத் தெரியும். நம்ம அம்பயருக்கு மட்டும் தபால்ல வரும்." கூட்டம் சிரித்தது. சக்திவேல் அப்போது நான்கு ரன்னில் இருந்தான். அறுபத்தொன்று அடித்தான். திருவாலங்காடு தொடரிலிருந்தே வெளியேறியது.

பதினொரு தடவை கேட்டார். பிறகு மற்ற ஆட்டங்களில் கீப்பர் கேட்சுகளை மட்டும் தேடி எடுத்துக் கேட்டார். இதையும் சேர்த்து மொத்தம் ஐந்து. மூன்று சரி, இரண்டு தப்பு. இன்னொரு தப்பில் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. இதில் மாறியிருந்தது. கேலியைப் பற்றி விஜி இரண்டு முறை கேட்டாள். "அவன் பேசுனது தப்பில்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் டயர் கடைக்குப் போனார். காற்று அடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் இஸ்ரேல் எழுந்து நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு செய்து வாசலுக்கே வந்துவிட்டான்.

"சும்மா ஜாலிக்கிதான்ணா. மனசுல எதனா வச்சிகினு..."

"அந்தத் திருவாலங்காட்டு மேட்சு. பேட்டுல பட்ட சத்தம் உனுக்குக் கேட்டுச்சா?"

"இன்னாணா?" இஸ்ரேல் காதுக்குப் பின்னால் கையை வைத்தான். கம்ப்ரஸர் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் விழவில்லை. ஹேமநாதனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இஸ்ரேலின் உதட்டைப் பார்த்தபடி கொட்டகையில் பேசுவதுபோலவே பேசினார். இஸ்ரேல்தான் இரண்டு முறை கேட்டுவிட்டு, கடைசியில் அவரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனான்.

"கேட்டுச்சு," என்றான். "ஹெட்போன்ல நல்லாவே கேட்டுச்சு."

"அப்ப அவுட்டுன்னு தெரியும்."

"ஆங். தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நான் எப்டிணா சொல்றது? அம்பயர் நீங்க. நான் வாய்க்கு வந்தத பேசுறவன்."

"எனுக்குக் கேக்கல" என்றார் ஹேமநாதன்.

"எது?"

"பட்ட சத்தம். உன் பேச்சும் கேக்கல. ஆறு மாசமா ஒண்ணுமே கேக்கல. நேத்துதான் இயர்போன்ல கேட்டேன்."

இஸ்ரேல் கையில் இருந்த பில் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டும் விரித்துக்கொண்டும் நின்றான். "இனிமே உங்களப் பத்திப் பேச மாட்டேன்ணா" என்றான் கடைசியில்.

"அத்த விடு. அந்தப் பையனோட மேட்சு போயிடுச்சே, அதுக்கு இன்னா வழி?"

வழி கேட்டு இருவரும் வேணுவிடம் போனார்கள். வேணு பொறுமையாகக் கேட்டார். "யாராச்சும் கம்ப்ளைண்ட் குடுத்தாங்களா? இல்லதானே? ஞாயித்துக்கெழம ஃபைனல். பாக்குறவன்ல பாதிப் பேர் உன் விரலப் பாக்கத்தான் வரான். நீ ஒண்ணும் கொழப்பாத. வேணும்னா இஸ்ரேலு ஹெட்போன்ல கேட்டுட்டுக் கைய அசைக்கட்டும். நீ தூக்கு."

"அப்ப அவன்தானே அம்பயரு?" என்றார் ஹேமநாதன். "நான் மைக்குல சொல்லிடுறேன்."

வேணு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹேமநாதன் வெள்ளைப் பேன்ட்டும் தொப்பியுமாக நேராக மேசைக்கு நடந்து வந்து கையை நீட்டியபோது, இஸ்ரேல் மைக்கை எடுத்துக் கொடுத்துவிட்டான். டாஸ் போட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆற்றங்கரை முழுக்க ஆள். நேரலையில் ஆயிரத்து எழுநூறு பேர்.

"பன்னெண்டாம் தேதி மேட்சு," என்றார். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "திருவாலங்காடு, கனகம்மாசத்திரம். நாலாவது ஓவரு, ரெண்டாவது பந்து. சக்திவேல் அவுட்டு. நான் நாட் அவுட்டு குடுத்தது தப்பு. எனுக்குக் காது கேக்காது. எலியேசர் என்னை மன்னிக்கணும்."

மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. இஸ்ரேலின் மேசை, இஸ்ரேலின் மைக், படி அம்பயர். இதுவும் அவன் ஏற்பாடு செய்த வேடிக்கைதான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "தபால் இப்பதான் வந்துச்சு!" என்று யாரோ ஒருவன் கத்தினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நேரலைத் திரையில் சிரிக்கிற எமோஜிகளாக ஓடின.

இஸ்ரேல் மைக்கைப் பிடுங்கினான். "இது ஜோக்கு இல்லபா. அண்ணன் நெஜமாத்தான் சொல்றாரு."

மறுபடியும் சிரிப்பு. "ப்ளீஸ், சிரிக்காதீங்க" என்றான். அதற்கும் சிரித்தார்கள். "சத்தியமா" என்றான். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசில் அடித்தார். ஆறு மாதமாக அந்தக் குரல் எதைச் சொன்னாலும் சிரிக்கப் பழகிய கூட்டம். அது ஒரே நாளில் எப்படி நிற்கும்? ஹேமநாதன் காகிதத்தை மடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கூட்டத்திலிருந்து எலியேசர் எழுந்து வந்தான். பார்வையாளனாக வந்தவன், லுங்கியில் இருந்தான். அவன் சிரிக்காமல் நடந்து வருவதைப் பார்த்துத்தான் முன்வரிசை அடங்கியது, பிறகு பின்வரிசையும். மேசைக்கு எதிரே வந்து நின்று வேணுவைக் கேட்டான்: "அந்த மேட்ச திரும்ப ஆட விடுவீங்களா?"

"அது எப்டிபா முடியும்? ஃபைனலே வந்தாச்சு."

எலியேசர் ஹேமநாதன் பக்கம் திரும்பினான். "அப்ப இன்னாத்துக்குணா இப்ப சொல்றீங்க?"

ஹேமநாதனுக்கு உதடு தெளிவாகப் புரிந்தது. இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. "உனுக்குத் தெரியணும்னு" என்றார்.

"எனுக்கு அன்னைக்கே தெரியும்." எலியேசர் திரும்பிப் போய் முன்பு உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். போகும் வழியில் யாரோ அவன் தோளைத் தட்டினார்கள், அவன் கவனிக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பந்தின் துண்டையும் ஹேமநாதனின் பேச்சையும் ஒட்டித் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். மேலே ஒரே சொல்: அவுட். ஒரு வாரம் வரை தினமும் புதிதாகப் போட்டான் என்று கேள்வி.

ஃபைனலில் ஹேமநாதன் பந்து வீசுகிற முனையில் நிற்கவில்லை. இன்னொரு அம்பயர் இளைஞன். ஓவருக்கு ஓவர் இரண்டு முனைக்கும் அவனே நடந்தான். இவர் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்றார். அங்கே கேட்கவேண்டியது எதுவும் இல்லை. கோட்டைப் பார்த்தால் போதும். இஸ்ரேல் ரன் கணக்கு மட்டும் வாசித்தான். "அண்ணா தூங்கிட்டீங்களா", "யாருப்பா இது, வேற ஆளா" என்று நேரலைக்குக் கீழே எழுதிக்கொண்டே இருந்தார்கள். வேணு மேசைக்குப் பின்னால் வந்து வந்து போனார்.

ஒன்பதாவது ஓவரில் ஒரு ரன் அவுட். பந்து ஸ்டம்பில் பட்டதும் ஃபீல்டர் கத்த வாயெடுத்தான். அதற்குள் ஹேமநாதனின் விரல் மேலே நின்றது. கூட்டம் எண்ணத் தயாராகி, "ஒண்ணு" என்று சொல்லி நின்றுவிட்டது. மைக்கில் இரண்டு மூன்று விநாடி சத்தமே இல்லை. பிறகு இஸ்ரேல் சொன்னான்: "நான் இன்னும் முதல் படில கால வைக்கலபா." அன்று அவன் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். அது அவனைப் பற்றியது.

அடுத்த மாதம் விஜி அவரைத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி வைத்த அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் அழுத்திக்கொண்டே வந்தார். காது நன்றாக இருக்கிறதே என்று சோதிக்கிற பெண்ணுக்கு ஆச்சரியம். சற்று நேரம் கழித்துத்தான், தன் தோள் அசையும்போதெல்லாம் அவர் அழுத்துகிறார் என்று கண்டுபிடித்தாள். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு பொத்தான் அநேகமாக அழுத்தப்படவேயில்லை.

"ஏமாத்துறீங்களா ஐயா?" என்று உள்ளே வந்து கேட்டாள்.

"இல்லம்மா. எனுக்கு இப்டித்தான் கேக்கும்."

காது மிஷின் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. வீட்டில் அதைப் போட்டுக்கொண்டால் குக்கர் விசில், விஜியின் வளையல், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் ஒரே அளவில் வந்து விழுந்தன. விஜி அவரிடம் மெதுவாகப் பேசப் பழக முயன்றாள். இருபத்தாறு வருடப் பழக்கம் சீக்கிரம் விடவில்லை. கொட்டகையில் மிஷினைக் கழற்றிவிடுவார். மைதானத்தில் போட்டுப் பார்த்தார். ஆற்றங்கரைக் காற்று மட்டும்தான் கேட்டது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கொயர் லெக்கில் போய் நின்றார்.

ஒரு மாதம் நேரலைக்கு ஆள் குறைந்தது. பிறகு இஸ்ரேலுக்கு வேறு சரக்கு கிடைத்தது. பந்து போகும் திசைக்கெல்லாம் ஓடுகிற ஒரு வெள்ளை நாய், டாஸ் காசைத் தேடுகிற வேணு, சில நாள் அவனே. ஹேமநாதனை அவன் தொடுவதில்லை. அவராகவே ஒரு நாள் அதைப் பற்றிக் கேட்டார்: "ஏன் என்னை உட்டுட்ட?" "நீங்க இப்ப கரெக்டா குடுக்குறீங்கணா, அதுல இன்னா சிரிக்கிறது?" என்றான் அவன்.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்று விஜியின் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த மாதத்து ஆட்டங்களை வரிசையாகக் கேட்பது ஹேமநாதனுக்கு வழக்கமாகிவிட்டது. கேட்டு முடித்ததும் இஸ்ரேலுக்குக் குரல் செய்தி அனுப்புவார். பதிலை மட்டும் எழுதித்தான் அனுப்பவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

போன அமாவாசைக்கு அனுப்பியது சின்னதுதான். "நாய் நல்லா இருந்துச்சு. வேணுவ கொஞ்சம் கம்மி பண்ணு, மனுசன் மொகம் சுண்டிப்போச்சு. அந்த டக் அவுட் வாத்து ஜோக்க மூணாவது தடவ சொல்ற, உட்டுடு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'சரிணா. வாத்த உட்டுடறேன். ஆனா ரெண்டு தடவதான் சொன்னேன்.'

ஹேமநாதன் எந்த ஆட்டம், எந்த ஓவர் என்று மூன்று தடவையையும் சொல்லி அனுப்பினார்.